மூன்று கடைக்கும் ஒரே மீசை

பிராங்கிளின் என்டரைத் தட்டிய மறுகணம், கருப்பணன் பூக்கடை வெப்சைட்டில் அவருடைய அண்ணன் மலைச்சாமி மாலையும் கழுத்துமாகச் சிரித்தார். பிராங்கிளின் அடுத்து இளஞ்செழியன் பூக்கடை வெப்சைட்டைத் திறந்து பார்த்தான். அங்கேயும் அதே மீசை.

கடைக்காரர்கள் மூவரும் நிலக்கோட்டைக்காரர்கள், கூடப் பிறந்தவர்கள். கடையைப் பிரித்தபோது பேச்சையும் நிறுத்திக்கொண்டவர்கள். ஆளுக்கொரு வெப்சைட். மூன்றையும் திண்டுக்கல்லில் ஒரு மாடி அறையிலிருந்து கவனிப்பவன் பிராங்கிளின்.

"மத்தவுக சைட்ல இருக்குற ஒத்தப் படங்கூட என் சைட்ல வரக் கூடாது" என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சொல்லியிருந்தார்கள். அவனும் மூவருக்கும் தலையாட்டிவிட்டு, மலைச்சாமி சைட்டில் ஏற்றும் மல்லிகைப் படங்களை, கறுப்புத் திரையில் ஒருவரிக் கட்டளை அடித்து, மற்ற இரண்டுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தான். மல்லிகையில் அண்ணன் மல்லிகை, தம்பி மல்லிகை என்று யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

இன்றைக்கு அந்த வரியில் படங்கள் இருக்கும் ஃபோல்டரின் பெயரை விட்டுவிட்டான். பெயர், போன் நம்பர், மீசை என்று மொத்த சைட்டும் கிளம்பிப் போய்விட்டது.

போன் அடித்தது. கருப்பணன்.

"ஏப்பா, என் கடைக்குள்ள எங்கண்ணன் எப்பிடி வந்தாரு?"

"சர்வர் கோளாறுண்ணே. செத்த நேரத்துல சரியாயிரும்."

கம்ப்யூட்டரில் இருந்த பழைய நகல்களை அவசரமாக அனுப்பினான். பதற்றத்தில் கருப்பணனுடையது இளஞ்செழியனுக்கும், இளஞ்செழியனுடையது கருப்பணனுக்கும் போய்ச் சேர்ந்தன. அதைச் சரிசெய்ய அடித்த கட்டளையில் எங்கிருந்து எங்கே என்ற திசை மாறியது. இப்போது மூன்று கடையிலும் இளஞ்செழியன்.

முகூர்த்த மாதம். முதலில் அழைத்தவர் கடைசித் தம்பி இளஞ்செழியன்.

"தம்பி, என்ன மந்திரம் போட்ட? ஆர்டர் கொட்டுது! ஆனா பாதிப் பேரு அண்ணன் பேரைச் சொல்லிக் கேக்குறாக."

அடுத்து மலைச்சாமி. "கல்யாண மாலை ஆர்டரெல்லாம் சின்னவனுக்குப் போகுதாம்ல? அதை நான் அவன்கிட்டப் போய்க் கேக்கணுமா?"

"அஞ்சு நிமிஷம்ணே!"

அதன்பிறகு போன் வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பிராங்கிளின் அழைத்துப் பார்த்தான். மூன்று பேருமே எடுக்கவில்லை. கையோடு மூன்று வாடிக்கையும் போனதென்று முடிவுகட்டி, அறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டான். பிறகு ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்து, சரியான கட்டளையை அடித்து முடித்தான். என்டரை அழுத்துவதுதான் பாக்கி.

போன் அடித்தது.

"மலைச்சாமி சம்சாரம் மூக்காயி பேசுறேன்ப்பா."

"இந்தா முடிஞ்சிருச்சுக்கா! பழையபடி மாத்திட்டேன்னு அண்ணன்கிட்டச் சொல்லிருங்க!"

"ஐயோ, கையை எடு அப்பு! இம்புட்டு வருசங்கழிச்சு இன்னைக்குத்தான் அண்ணந்தம்பி மூணு பேரும் எங்க வீட்டுல ஒண்ணா உக்காந்து, உன்னையத் திட்டிக்கிட்டு இருக்காக!"