வள்ளத்தில் ஏறிய கல்லறைக் காவலன்

கல்லறைக்கென்று செய்த பொம்மையைச் சம்மனசு, அதாவது தேவதூதர் என்று பொய் சொல்லி, நண்பனின் புது வள்ளத்தில் ஏற்றிவிட்டவன் நான். அறியாமல் செய்யவில்லை. சரித்திரத்தில் பி.ஏ. படித்துவிட்டுச் செய்தேன்.

எழுபதுகளில் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்டிடம் குமாஸ்தாவாக இருந்தேன். காய்ச்சலில் கிடந்த சீனச் சமையல்காரர் ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதற்கு நன்றியாக, அவர் ஒரு பீங்கான் வீரனைக் கொடுத்தார். முழ உயரம், கவசம், பிதுங்கிய கண்கள், காலடியில் நசுங்கும் ஒரு மிருகம். அந்தக் காலத்துச் சீனக் கல்லறைகளில் பிணத்துக்குக் காவலாக வைப்பார்களாம். கண்ணை மூடிப் படுத்து நடித்தே காட்டினார். (அசலா நகலா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பி.ஏ.வின் லட்சணம்.)

"சவத்துக்குக் காவல் நிக்கது என் வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்றாள் மனைவி. வீரன் கோழிக்கூட்டின் மேல் குடியேறினான்.

திரேஸ்புரத்தில் என் பள்ளித் தோழன் சூசையின் புது வள்ளத்தைப் பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கும் நாள் வந்தது. பரிசு வாங்க மறந்துபோனேன். வீரனைத் துடைத்துக் காகிதம் சுற்றி எடுத்துப்போனேன். அழகுப் பொம்மை என்று சொல்லிக் கொடுப்பதாகத்தான் எண்ணம். பிரித்ததுமே சூசையின் அம்மா கைகூப்பிவிட்டார்.

"மிக்கேல் சம்மனசுலா! பசாசை மிதிச்சுக்கிட்டு நிக்காரு பாரு!"

மறுக்க எனக்கு நேரம் இருந்தது. ஆனால் கூட்டமே என்னை மரியாதையாகப் பார்த்தது.

"ஆமா பெரிம்மா, சீனாவுல செஞ்சது."

"சிறகு எங்கலே?"

"அங்கன சிறகு வைக்க மாட்டாவ."

"கையில ஓட்டை இருக்கே, ஈட்டி எங்க?"

"கஸ்டம்ஸ்ல பிடிச்சு வச்சுக்கிட்டாவ."

சூசை ஒரு குடைக்கம்பியை ஒடித்து அந்த ஓட்டையில் செருகினான். வீரன் ஆயுதத்தோடு கடலுக்குப் போனான்.

அடுத்த வாரமே காற்று கெட்டது. மற்ற வள்ளங்கள் கரையேறிவிட்டன. சூசையும் அவனோடு போன நால்வரும் வரவில்லை. "உயிரோட போறவங்க கூடயா அதை அனுப்பினீங்க?" என்று மனைவி கேட்டாள். கரைக்கு ஓடினேன். மணலில் முழந்தாளிட்டிருந்த பெரியம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மிக்கேலு கூட இருக்காருலே, பயப்படாத" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். வாய் திறக்காமல் அந்த ஆறுதலை வாங்கிக்கொண்டேன். இன்றும் உறுத்துவது அதுதான்.

மறுநாள் கிழிந்த பாயோடு ஐந்து பேரும் வந்து சேர்ந்தார்கள். சூசையைத் தனியே கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன்.

"அஞ்சு பேரும் அதைக் கட்டிப்பிடிச்சு அழுதோம்லே" என்றான். பிறகு, "அம்மாகிட்ட வாயத் திறந்தே, கடல்ல தள்ளிருவேன்."

பரிகாரமாக, சிறகும் ஈட்டியும் உள்ள உண்மையான மிக்கேல் சுரூபம் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். அதை வள்ளத்தில் வைத்துக்கொண்டான். என்னோடு பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டான். பழையவனைப் பெரியம்மா விடவில்லை. "புயலைப் பார்த்தவரு, இனி வீட்டுல இருக்கட்டும்" என்று தன் பீடத்திலேயே வைத்துக்கொண்டார்.

சில வருடங்கள் கழித்து அவர் சாகும்போது கேட்டது ஒன்றுதான்: அந்த மிக்கேலைத் தன் பெட்டிக்குள் வைக்க வேண்டும். வைத்தார்கள். மூடியில் ஆணி அறைவதற்கு முன் சூசை கூட்டத்தில் என்னைத் தேடி வந்து காதோடு சொன்னான்: "வேலைக்குப் போய்ச் சேர்ந்துட்டான்லே." மறுபடி பேச ஆரம்பித்தது அன்றுதான்.

பெரியம்மா போன பிறகு கதை வெளியே வந்துவிட்டது. இப்போதும் நான் எந்தக் கல்யாணத்துக்குப் பரிசோடு கிளம்பினாலும், என் மகள் பொட்டலத்தைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்பாள்:

"அப்பா, இது உயிரோட இருக்கவங்களுக்குள்ளதுதான?"