மதகுப் பொண்ணைப் படம் பிடித்தவன்

பேயைப் பார்த்தேன் என்று சொல்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள், பிள்ளைகளே. பேயைத் தன் கையாலேயே செய்து, அதைப் பார்த்துத் தானே நடுங்கியவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். (என்னோடு எட்டாவதில் நின்ற மற்றவர்கள் எல்லோரும் ஒழுங்காகத்தான் இருக்கிறார்கள்.)

உத்திரமேரூருக்கும் மானாம்பதிக்கும் நடுவே குட்டியானை வண்டி ஓட்டுவது என் பிழைப்பு. நெல் மூட்டை, வைக்கோல், கல்யாணப் பாத்திரம், எது கொடுத்தாலும் ஏற்றுவேன். என் மகள் பவித்ரா அப்போது ஒன்பதாவது படித்தாள். பஸ் போய்விட்டால் வயலில் குறுக்கே ஓடி, அதே பஸ்ஸை அடுத்த ஸ்டாப்பில் பிடிக்கிற பெண். அந்த மார்கழியில் எங்கள் ஏரிக்கரையில் பெண்பிள்ளைகளுக்கு ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். முதல் மூன்று பேர் மாவட்டப் போட்டிக்குப் போகலாம். அங்கே நன்றாக ஓடினால் விளையாட்டு விடுதியில் இடம். தங்க, சாப்பிட, படிக்க, ஓட எல்லாம் அங்கேயே. பவித்ரா சாமி கும்பிடும்போது வேறு எதையும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

எனக்கோ அவள் ஓடுகிற மாதிரி ஒரு படம் வேண்டும். முந்தின வருஷம் போனில் எடுத்தேன். மைதானத்தின் அந்தக் கோடியில் எறும்பு அளவுக்குத் தெரிந்ததைப் பெரிதாக்கி, பிரேம் போட்டு, நடுவீட்டில் மாட்டினேன். பத்து நாள் கழித்து என் மனைவி தேவி அதன் தூசியைத் துடைக்கும்போதுதான் உற்றுப் பார்த்தாள். அது யாரோ வீட்டுப் பெண்.

அதனால் தூரத்தை இழுத்துக் காட்டுகிற கேமரா ஒன்று வாங்குவது என்று முடிவு செய்தேன். உத்திரமேரூர் பஜாரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் பாஸ்கரிடம் யோசனை கேட்டேன். இருக்கிற காசுக்குப் புதுசைத் தேடாதே, பழைய கேமரா போதும், ஆனால் லென்ஸில் மட்டும் ஏமாந்துவிடாதே என்று சொல்லி, காஞ்சிபுரத்தில் பழைய சாமான் விற்கிற ஒரு கடைக்கு வழி சொன்னார்.

கடையில் ஒரு பெண் இருந்தாள். கேமராவை எடுத்து வைத்துவிட்டு, பக்கத்தில் இரண்டு லென்ஸ் வைத்தாள். ஒன்று சாண் நீளம். ஓடுகிற ஆளைத் தானாகவே பிடித்துக்கொள்ளுமாம், கை நடுங்கினாலும் சமாளிக்குமாம். இன்னொன்று முழங்கை நீளத்துக்குக் கறுப்புக் குழாய். எல்லாவற்றையும் கையால் திருகித்தான் சரி செய்ய வேண்டும். விலை பாதிகூட இல்லை. எனக்குக் குழாயின் மேலேதான் கண்.

"அண்ணா, இதுல நிலாவ எடுக்கலாம், கோபுரத்த எடுக்கலாம். ஓடற ஆள எடுக்க முடியாது. வெளிச்சம் பத்தாது," என்று சொல்லி, லென்ஸில் எழுதியிருந்த எண்ணைக் காட்டினாள். சின்ன லென்ஸில் நாலு, ஐந்து என்று இருந்தது. குழாயில் எட்டிலிருந்து பதினாறு.

"பதினாறு பெருசா, அஞ்சு பெருசாம்மா?"

"இதுல சின்ன நம்பர்தாண்ணா பெருசு."

எட்டாவது வரை படித்தவனிடமே கணக்கை மாற்றிச் சொல்கிறாளே, சின்ன லென்ஸைத் தலையில் கட்டப் பார்க்கிறாள் என்று நினைத்து, குழாயையே வாங்கினேன். கேமராவுக்குள்ளும் ஒரு எண் நூறில் நின்றது. இருட்டினால் இதை ஏற்றிக்கொள்ளுங்கள் என்றாள். நூறு என்றால் முழு மார்க், அதற்கு மேல் எதற்கு ஏற்றுவது என்று கடைசிவரை அதைத் தொடவே இல்லை.

பந்தயத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, ஒரு சாயங்காலம் பவித்ராவை ஏரிக்கரைக்கு அழைத்துப் போனேன். பொழுது இறங்கிவிட்டது. தண்ணீர் ஈயம் காய்ச்சி ஊற்றியது மாதிரி அசையாமல் கிடந்தது. கொக்குகள்கூடப் போய்விட்டன. வண்டியின் பின்னால் உமி மூட்டையைப் போட்டு, அதன் மேல் குழாயைப் படுக்க வைத்துக் கண்ணை வைத்தேன். எங்கோ இருந்த மதகு மடிக்கு வந்துவிட்டது. கல்லில் இருந்த விரிசல்கூடத் தெரிந்தது. அந்த இடத்தைச் சரி செய்து வைத்துக்கொண்டு கையை ஆட்டினேன். பவித்ரா ஓடி வந்தாள். மதகருகே வந்ததும் அழுத்தினேன்.

டக்.

அப்புறம் ஒன்றும் இல்லை. நான் ஒரு மூச்சு இழுத்து விட்டேன். அதற்குப் பிறகு உள்ளே யாரோ கதவைச் சாத்துகிற மாதிரி இன்னொரு டக்.

திரையைப் பார்த்தேன். மதகு இருந்தது. பனைமரம் இருந்தது. கரையில் அவள் கழற்றி வைத்த செருப்புகூட இருந்தது. பவித்ரா இல்லை.

"படம் வுழுந்துச்சா நைனா?" என்று பக்கத்தில் வந்து மூச்சு வாங்கினாள்.

இன்னொரு தடவை ஓடச் சொன்னேன். அதிலும் இல்லை. ஆறு தடவை ஓடினாள். ஐந்து தடவை கரை காலியாக இருந்தது. ஆறாவது படத்தில் மதகருகே ஆள் உயரத்துக்குப் புகை மாதிரி ஒன்று நின்றது. அதற்குக் கால் இல்லை. அதற்குள்ளே மதகின் கல் தெரிந்தது. கேமராவை அணைத்துவிட்டு, படம் நன்றாக வந்திருக்கிறது என்று மகளிடம் சொன்னேன். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பக்கத்து சீட்டில் அவள் இருக்கிறாளா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். "இன்னா நைனா, சும்மா சும்மா குத்தற?" என்று கையைத் தட்டிவிட்டாள். அது ஒன்றுதான் அன்றைக்கு ஆறுதல்.

நிழலில் தலை தெரியாதவருக்கு ஆயுசு கம்மி என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. தலை தெரியாதவருக்கே அப்படி என்றால், ஆளே தெரியாதவளுக்கு? எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் சோதித்துப் பார்த்தேன். வண்டியை வீட்டெதிரே தூரமாக நிறுத்தி, பொழுது சாயும் நேரத்தில் தேவியைக் கொட்டகைப் பக்கம் நிற்க வைத்து எடுத்தேன். முழுசாக விழுந்தாள். கட்டிப் போட்டிருந்த ஆட்டை எடுத்தேன். உடம்பு விழுந்தது, நாலு காலும் விழுந்தது, கயிறு விழுந்தது. கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை. தேவி வாங்கிப் பார்த்தாள்.

"இந்த ஆட்டோட தல எங்க?"

ஆட்டின் மேல்தான் இருக்கிறது என்று காட்டினேன். அது தழையை மென்றுகொண்டு தலையை ஆட்டி ஆட்டி எங்களைப் பார்த்தது. தேவி அதையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் நான் மறைத்து வைத்திருந்த ஏரிக்கரைப் படங்களையும் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டாள்.

"நிக்கறவங்கள வுட்டுடுது. ஓடறவங்கள எங்கியோ அனுப்பிடுது," என்றாள் மெதுவாக. "மரியாதியா இத எட்த்தாந்த எடத்துல குட்த்துட்டு வா."

அடுத்த நாள் காலையில் அந்த ஆடு தலையைத் தொங்கப் போட்டுப் படுத்துவிட்டது. கண் செருகிப் போயிருந்தது. (இட்லிக்கு ஊறவைத்த அரிசியைப் பாத்திரத்தோடு காலி செய்திருந்தது பிறகுதான் தெரிந்தது. ஆனால் அந்த நேரத்தில் பாத்திரத்தைப் பார்க்க யாருக்குத் தோன்றும்?) தேவி ஓடிப்போய் பவித்ராவின் காலில் கறுப்புக் கயிறு கட்டினாள். கேமராவைத் துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டாள்.

பந்தயத்தன்று நான் அதைத் திருட்டுத்தனமாக எடுத்துக்கொண்டு போனேன். ஆசைக்காக இல்லை, பயத்துக்காக. ஒரே ஒரு படத்தில் என் மகள் முழுசாக விழுந்துவிட்டால், மற்ற படங்கள் எல்லாம் பொய்யாகிவிடும் என்று பட்டது. அவளை அந்தக் கருவிக்குள்ளிருந்து திரும்ப எடுத்து வர வேண்டும். அப்படித்தான் நம்பினேன்.

விடிந்தும் விடியாத நேரம். பனி அப்படி ஒரு பனி. கரையில் நின்ற கூட்டத்தின் பேச்சு கேட்டது, ஆள் தெரியவில்லை. மைக்கில் பேசியவரின் குரல் ஏரியின் அந்தப் பக்கத்திலிருந்து வருவது போல இருந்தது. நான் கீழே வயலோரம் வண்டியை நிறுத்தி, உமி மூட்டைமேல் குழாயை வைத்து மதகைப் பார்த்துக் கிடந்தேன். பிள்ளைகள் மதகைத் தாண்டிக் கோடி வரை போய், திரும்பி வந்து பள்ளிக்கூட வாசலில் முடிக்க வேண்டும்.

விசில் ஊதினார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்கள் வந்தார்கள். ஈர மண்ணில் வெறுங்காலோடு ஓடியதால் சத்தமே இல்லை. முழங்காலுக்குக் கீழே பனி மூடியிருந்தது. கால் இல்லாத முப்பது பெண்கள் மதகின் மேலே மிதந்து போனார்கள். அழுத்தினேன். டக். இந்த முறை இரண்டு மூச்சு. டக்.

திரையில் மதகு மட்டும் இருந்தது. முப்பது பேரில் ஒருத்திகூட இல்லை.

அவர்கள் போன திசையைப் பார்த்தேன், பனிதான் இருந்தது. திரும்பி வருவார்களா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உலகத்திலேயே நான் ஒருவன்தான் மிச்சம் என்பது மாதிரி ஒரு அமைதி.

அப்புறம் ஒரு உருவம் வந்தது. பவித்ரா. மற்ற எல்லோரையும் பத்தடி பின்னால் விட்டுவிட்டு முதலில் வந்தாள். எந்த அப்பனுக்கும் அந்த நேரத்தில் மார்பு நிமிரும். எனக்கு ஓடியதோ வேறு யோசனை. இந்தத் தடவையும் இவள் விழாமல் போனால்? மதகை நெருங்கினாள். எழுந்து நின்று, தொண்டை கிழியக் கத்தினேன்.

"பவி, நில்லு! அசையாத நில்லு!"

எங்கள் வீட்டு வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். அவள் குழந்தையாக இருந்ததிலிருந்து நான் போனைத் தூக்கினால் "அசையாத நில்லு" என்பேன். எடுத்து முடித்ததும் "சரி" என்பேன். அந்தச் "சரி" வரும்வரை ஈ உட்கார்ந்தாலும் அசையக் கூடாது. பதினாலு வருஷப் பழக்கம்.

பவித்ரா நின்றுவிட்டாள். கையைத் தொடையோடு ஒட்டி, முகவாயைத் தூக்கி, என் பக்கம் திரும்பி, ரேஷன் கார்டுக்குப் படம் எடுக்கிற மாதிரி நின்றாள். அழுத்தினேன். டக். பின்னால் வந்த பெண்கள் அவளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிரிந்து ஓடினார்கள். டக்.

திரையைப் பார்த்தேன். விழுந்துவிட்டாள். முகம், சட்டையில் குத்திய நம்பர், இமைக்காத கண் எல்லாமே முழுசாக. சுற்றிலும் பனி, காலி மதகு, நடுவில் என் மகள் மட்டும். நான் உமி மூட்டையைக் கட்டிக்கொண்டு அழுதேன். "சரி" என்று சொல்ல மறந்தே போனேன்.

மேலே பி.டி. மிஸ்ஸின் விசிலும், "ஏன்டீ நிக்கிற, ஓடுடீ" என்ற குரலும் கேட்டன. அதற்குப் பிறகுதான் அவள் கிளம்பினாள். விட்டதையெல்லாம் ஒவ்வொருத்தியாகப் பிடித்துக்கொண்டே போனாள். மூன்றாவதாகப் போன பெண்ணைத் தொடுகிற தூரத்தில் பள்ளிக்கூட வாசல் வந்துவிட்டது. நாலாவது.

வண்டியில் ஏறி உட்கார்ந்தவள் பாதி வழியில் என் பக்கம் திரும்பினாள்.

"இன்னாத்துக்கு நைனா நிக்க சொன்ன? முன்னாடி பாம்பு கீம்பு கீதுன்னு நெனச்சிக்கினேன்."

வாயால் சொல்ல வராமல் படத்தைக் காட்டினேன். வெகு நேரம் பார்த்தாள்.

"மத்தவங்கள்லாம் எங்க?"

"போய்ட்டாங்கம்மா."

"ஆமா," என்றாள். "போய்ட்டாங்க."

அப்புறம் ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. நான் எண்ணினேன்.

ஸ்டூடியோ பாஸ்கர் படங்களைப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். உங்களுக்கும் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். கேமராவுக்குள் ஒரு கதவு இருக்கிறது. வெளிச்சம் நிறைய வந்தால் கண் சிமிட்டுவதைவிட வேகமாகத் திறந்து மூடிவிடும், ஓடுகிறவர்கள் அப்படியே உறைந்துபோவார்கள். வெளிச்சம் கம்மியானால் கதவு காத்துக்கொண்டு கிடக்கும். அதற்குள் ஓடுகிறவர்கள் ஓடிவிடுவார்கள், நிற்கிறவர்கள்தான் தங்குவார்கள். லென்ஸில் எண் சின்னதானால் ஓட்டை பெரிசு. அந்தக் கடைக்காரப் பெண் சொன்னது அத்தனையும் நிஜம். குழாயைத் திருப்பிக் கொடுத்துச் சாண் லென்ஸை வாங்கப் போனபோது, அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் ரொம்ப வலித்தது.

இதற்குள் என் மச்சான் ஏழுமலை, தேவியின் தம்பி, மதகுப் படத்தை யாருக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான். ஒரு மாதம் கழித்து மானாம்பதி டீக்கடையில், முன்பின் தெரியாத ஒருவர் தன் போனை என் முன் நீட்டினார். பனி, மதகு, இமைக்காத கண்.

"மதகுப் பொண்ணு," என்றார். "மார்கழில விடிகாலைல மட்டுந்தான் வருமாம். பேர சொல்லி கூப்ட்டா அப்டியே நின்னு பாக்குமாம்."

எடுத்தது யார் என்று கேட்டேன்.

"எட்த்தவன் எங்க கீறான்? மூணாம் நாளே ரத்தம் கக்கிட்டான். குட்டியான ஓட்டிக்கினு இருந்தவனாம். பாவம், ஒரே பொண்ணாம்."

மீதி டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு, எதிரே நின்ற என் குட்டியானையில் ஏறி ஸ்டார்ட் செய்தேன். அவர் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் கையிலிருந்த க்ளாஸ் ஆடியதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த மார்கழியில் விடிகாலை ஏரிக்கரைக்கு வர ஒரு ஜனம் துணியவில்லை. கரை முழுக்கப் பவித்ராவுக்குத்தான். தினமும் தனியாக ஓடினாள். பந்தயத்தில் இரண்டாவதாக வந்தாள். (அன்று என்னைப் பள்ளிக்கூட வாசலிலேயே, வாயில் கர்ச்சீப்போடு தேவி பிடித்து வைத்திருந்தாள்.) மாவட்டத்திலும் ஓடி, விடுதியில் இடம் வாங்கினாள். சேருவதற்கான படிவத்தை இரவல் பேனாவால் நிரப்பிக்கொண்டே வந்தவள், ஒரு கட்டத்தில் நிறுத்தித் தலையைத் தூக்கினாள்.

"நைனா, உன் பேருக்கு முன்னாடி லேட்டுன்னு போடணுமா?"

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்தப் படிவம் வந்தாலும் இந்தக் கேள்வி இல்லாமல் நிரப்புவதில்லை. போன மாதம் ரேஷன் கார்டில் ஒரு திருத்தத்துக்காகப் போயிருந்தோம். என் பெயரை எழுதும்போது தேவி சிரிக்காமல் அதையே கேட்டு வைத்தாள். அந்த அலுவலர் பேனாவை நிறுத்தி, பக்கத்தில் நின்ற என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"அப்ப இவரு யாரும்மா?"