பிரிபடாத வெண்கலம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்கப்புறம் உருப்படியாகக் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்றுதான்: செயற்குழு. திருமுல்லைவாயில் 'முல்லை எலிகன்ஸ்' அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச்சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் இதை நான் முழுப் பொறுப்புடன் சொல்கிறேன். இல்லை, ஏழில் ஒரு பங்கு பொறுப்புடன்.

எங்கள் செயற்குழுவில் ஏழு பேர். தலைவர் திரு. அழகேசன் பத்திரம் எழுதி, பத்திரம் படித்து, பத்திரமாக ஓய்வு பெற்றவர். யாருக்காவது குழந்தை பிறந்தது என்றால்கூட 'வில்லங்கம் ஏதும் இல்லையே' என்று விசாரிப்பார். துணைத்தலைவர் நிர்மல் போன ஆடி மாதம் கம்பெனி வேலையாக நியூஜெர்சி போனவர், இன்னும் திரும்பவில்லை. ஆனாலும் ஒரு கூட்டம் தவறவிடாமல் செல்போன் திரையில் வந்துவிடுவார். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டீம் லீடர். வேலை நன்றாக முடிந்தால் டீம் என்றும், சொதப்பினால் இன்னார் என்றும் அறிக்கை எழுதுவது என் தொழில். அந்த அனுபவம்தான் என்னைச் சங்கத்தின் செயலாளர் பதவிக்கு உயர்த்தியது.

மற்ற நால்வரும் சான்றோர்கள். ஏழு பேருக்குமே இரண்டாவது கார் இருக்கிறது என்பது தற்செயல்.

பி பிளாக்குக்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் தரை இருந்தது. 'கோர்ட்' என்பார்கள். அதில்தான் முகமது ஆசிக் மாஸ்டர் காலை நேரங்களில் பிள்ளைகளுக்கு ஃபிகர் ஸ்கேட்டிங் சொல்லிக் கொடுத்தார். வெளிநாடுகளில் பனித்தரையில் ஆடுவதை டிவியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் ஊரில் பனிக்கட்டி மீன் கடையில்தான் கிடைக்கும். ஆகவே எங்கள் பிள்ளைகள் காலில் சக்கரத்தை மாட்டிக்கொண்டு அதே வித்தையைச் சிமெண்டில் செய்வார்கள். ஒற்றைக் காலில் வளைவார்கள். பம்பரமாகச் சுற்றுவார்கள். எகிறி, காற்றிலேயே திரும்பி இறங்குவார்கள். பால்கனியில் காபியோடு நின்று நானும் பார்த்திருக்கிறேன். அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அழகுக்கு நடுவில் பதினான்கு கார்களை நிறுத்தலாம் என்பதைத் தலைவர்தான் முதலில் கண்டார். தொலைநோக்கு என்றால் அது.

போன வருடப் பொதுக்குழுவில் இதைச் சொன்னதும் தாய்மார்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். எனவே ஒரு 'சுமுகத் தீர்மானம்' நிறைவேறியது. பிள்ளைகளுக்கு ஒரு வருட அவகாசம். அதற்குள் மாநிலப் போட்டியில் ஒரு பதக்கம் வந்தால் கோர்ட் கோர்ட்டாகவே இருக்கும். வராவிட்டால் கார் பார்க்கிங். பதக்கமாவது வருவதாவது என்று நாங்கள் ஏழு பேரும் மனதார நம்பினோம்.

வந்துவிட்டது.

சி பிளாக் டில்லிபாபுவின் மகள் மதிவதனி வெண்கலப் பதக்கத்தோடு வந்து நின்றாள். டில்லிபாபுவுக்கு அண்ணனூர் ரயில் பணிமனையில் வேலை. இந்த எலிகன்ஸ் நிற்கிற நிலத்தில் அவருடைய தாத்தா கூலிக்கு நாற்று நட்டிருக்கிறாராம். அதே நிலத்தில் அவர் இன்று ஒரு ஃபிளாட்டுக்குச் சொந்தக்காரர். மகளைப் பார்த்தால் அவர் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆகிவிடும். அன்றும் ஆகியிருந்தது.

செயற்குழு அவசரமாகக் கூடி, அப்பாவையும் மகளையும் அழைத்தது. தலைவர் பதக்கத்தை வாங்கி, முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். அடமானத்துக்கு வந்த நகையை அப்படித்தான் பார்ப்பார்கள்.

"பேரே போடலையேம்மா. இது எத்தனை பேருக்குக் குடுத்தாங்க?"

"நாலு பேருக்கு அங்கிள். டீம் ஈவென்ட். நாலு பேரும் தனித்தனியா ஆடணும். நாலு பேர் மார்க்கையும் கூட்டுவாங்க."

"அப்போ மெடல் நாலா, ஒண்ணா?"

"கழுத்துல போட்டது நாலு. மெடல் கணக்குல ஒண்ணு."

தலைவரின் கண்கள் பளிச்சிட்டன. அந்தப் பளிச்சிடலை நான் முன்பு ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், ஒரு பத்திரத்தில் தெற்கு எல்லையைத் தப்பாக எழுதியிருப்பதைக் கண்டபோது.

"தனியா ஆடுனதுல நீ எத்தனையாவது?"

"அஞ்சாவது."

"நம்ம ஏ பிளாக் ரோஷினியும் உங்க டீம்தானே. அவ?"

"பதினொண்ணு. நடுவுல விழுந்துட்டா."

"விழுந்ததுக்குமா மெடல் குடுக்கறாங்க?"

"விழுந்ததுக்கு இல்ல அங்கிள். எழுந்து முடிச்சதுக்கு. அவ பாதியில வெளிய வந்திருந்தா டீமே காலி. முட்டியில ரத்தம் வழியுது, அப்படியே மீதி ரெண்டு ஜம்ப்பையும் போட்டுட்டுத்தான் வந்தா. தனி மெடல்னா அவ அங்கயே உக்காந்து அழுதிருப்பா. நாங்க மூணு பேர் வெளிய நிக்கிறோம்னுதான் எழுந்தா."

அவள் சொன்னதை அப்படியே எழுதினேன். கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் ரத்தத்துக்கு இடமில்லை என்பதால் அடித்துவிட்டு, காபியைக் குடித்துச் சமாளித்தேன்.

தலைவருக்குச் சமாளிக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

"ரொம்ப சந்தோஷம்மா. ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கு. ஃபிளாட் வாங்குறோம். நிலத்துல நமக்கு என்ன கிடைக்குது? யூடிஎஸ். பிரிபடாத பாகம். இத்தனை சதுர அடின்னு எழுதியிருக்கும். எந்த இடம்னு கேட்டா காட்ட முடியாது. இந்த மெடலும் அதுதான். மதிவதனிக்கு வெண்கலத்துல நாலில் ஒரு பிரிபடாத பாகம். ரோஷினிக்கு நாலில் ஒண்ணு. மத்த ரெண்டு பொண்ணுங்க எந்த ஊரு?"

"ஒருத்தி சேக்காடு. ஒருத்தி ஆவடி. ரெண்டும் பக்கத்துலதான் அங்கிள்."

"பாத்தீங்களா. பாதி மெடல் வெளியூர்க்காரங்களுது. முல்லை எலிகன்ஸுக்கு வந்தது அரை மெடல். தீர்மானத்துல இருக்கறது ஒரு மெடல்."

இப்படி ஒரு ஆராய்ச்சியை உலகத்தில் எந்த விளையாட்டுச் சங்கமாவது செய்திருக்குமா? நான்கு பெண்கள் பாடுபட்டு வாங்கிய ஒன்றை, சக்கரக் காலணியைத் தொட்டே பார்க்காத ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்து அரையாக்கினார். எனக்குப் புல்லரித்தது.

டில்லிபாபு எழுந்தார். "இன்னா தலைவரே பேசுற? அர லாரி தண்ணி வந்தாலும் லாரி வந்துச்சுன்னுதானே எங்கிட்ட கையெழுத்து வாங்கிக்கினு போறீங்க. அப்ப மட்டும் அரை, ஒண்ணு ஆயிடுது. எம்பொண்ணு மெடல்னா ஒண்ணு, அரை ஆயிடுதா?"

"டில்லிபாபு சார், தண்ணி அத்தியாவசியம். மெடல் ஆடம்பரம்."

"செரி, உடு. யூடிஎஸ்னு சொன்னியே. இந்தக் கோர்ட்டும் அதானே? எனக்கும் அதுல பாகம் கீது. எம்பாகம் எந்த மூலைல கீதுன்னு காட்டு. அதும்மேல எவன் காரை உடுறான்னு நான் பாக்குறேன்."

நியூஜெர்சி உட்பட எல்லோரும் தலைவரைப் பார்த்தோம். தலைவர் என்னைப் பார்த்தார். ஒரு தலைவர் செயலாளரைப் பார்க்கும் கணம் வரலாற்றில் எப்போதாவதுதான் வரும். நான் தீர்மானத்தின் நகலை நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

"'மாநில அளவில் தனிச்சிறப்பு மிக்கதொரு பதக்கம்.' தனி. தனின்னு தெளிவாப் போட்டிருக்கு. இவங்க வாங்கினது குழு. தனி வேற, குழு வேற. விஷயம் முடிஞ்சுது."

இங்கே என் பணிவையும் மீறி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தச் சொல் என்னுடையது. 'ஒரு பதக்கம்' என்று மொட்டையாக எழுத எனக்குக் கை வரவில்லை. தீர்மானம் என்றால் நாலு சொல் கனமாக இருக்க வேண்டாமா? பொன்னாடை போர்த்துவதுபோல 'தனிச்சிறப்பு மிக்க' என்று போர்த்தினேன். அந்தப் பொன்னாடைதான் கடைசியில் பதக்கத்தை மூச்சுத் திணற வைத்தது. தமிழின் வளம் அப்படி.

"தனிச்சிறப்புன்னா ரொம்பச் சிறப்புன்னு அர்த்தம் அங்கிள்," என்றாள் மதிவதனி. "தனியா ஆடுறதுன்னு அர்த்தம் இல்ல. ஒம்பதாவது தமிழ்ல ஃபுல் மார்க் நான்."

"அது பாடப்புத்தகத் தமிழும்மா. இது சங்கத் தமிழ்."

சங்கம் ஒருமனதாகச் சிரித்தது. பிறகு வாக்கெடுப்பு நடந்தது. ஆறு கைகள் உயர்ந்தன. நியூஜெர்சியில் அப்போது விடிந்துகொண்டிருந்தது. நிர்மல் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். சட்டைக்குள் நுழைவதற்காகக் கை மேலே போனது. மேலே போன கை எண்ணப்பட்டது. ஏழுக்கு ஏழு.

கூட்டம் முடிந்ததும் லிஃப்ட் வாசலில் டில்லிபாபுவை ஒவ்வொருவராகப் பிடித்துக்கொண்டோம். "என்னைக் கேட்டா மெடல் மெடல்தான். ஆனா குழு முடிவு" என்றார் பொருளாளர். "நான் உள்ளூரப் பிள்ளைங்க பக்கம் சார். குழு முடிவு, என்ன பண்றது?" என்றார் இன்னொருவர். தலைவரே அவர் தோளில் கை போட்டு, "தனிப்பட்ட முறையில எனக்கும் வருத்தம்தான். குழுன்னு ஒண்ணு இருக்கே" என்றார். நானும் அதையே சொன்னேன். என் உச்சரிப்பு மற்றவர்களைவிடத் தெளிவாக இருந்தது.

"அப்ப யார்தான்யா எடுத்தீங்க கோர்ட்ட?" என்று கேட்டார் டில்லிபாபு. "இனிமே இவ எங்க போயி ஆடுவா? ரோட்ல ஓட்டுனா குழியில உழுந்து காலை ஒடிச்சிக்குவா. மாஸ்டர் வேற, அடுத்த வருசம் தனியா ஜெயிச்சிருவான்னு சொல்லினு இருந்தாரு."

லிஃப்ட் வந்தது. எல்லோரும் ஏறிக்கொண்டோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளைப் பெயிண்டோடு ஆள் வந்தான். பிரிபடாத பாகம், எங்கே இருக்கிறதென்று யாராலும் காட்ட முடியாத பாகம், மத்தியானச் சாப்பாட்டுக்குள் பதினான்காகப் பிரிந்து நின்றது. ஒவ்வொன்றிலும் ஃபிளாட் நம்பர். செயற்குழுவுக்கு நிழல் விழும் பக்கம். ஆசிக் மாஸ்டர் தன் ஸ்பீக்கர் பெட்டியை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் சலாம் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நல்ல காரியத்துக்கு நாட்டில் மதிப்பு இருக்கத்தான் செய்கிறது. மேற்குப் புறநகர்க் குடியிருப்போர் சங்கங்களின் கூட்டமைப்பு, வாகன நெரிசலைத் தீர்த்துவைத்ததற்காக எங்களை 'ஆண்டின் சிறந்த செயற்குழு' என்று அறிவித்தது. ஒரு கேடயம் தருவதாகச் சொன்னார்கள். தலைவர் திடுக்கிட்டுவிட்டார்.

"ஒரே ஒரு ஷீல்டா? ஏழு பேர் உழைச்சிருக்கோம். யார் வீட்டு ஷோகேஸ்ல வெக்கிறது?"

ஏழு கேடயங்கள் தயாராயின. ஒவ்வொன்றிலும் ஒவ்வொருவர் பெயர். சட்டைக்குள் கை விட்டதற்காக நிர்மலுக்கும் ஒன்று. அதை வாங்கிக்கொள்ள அவர் மைத்துனர் வேஷ்டி சட்டையில் வந்துவிட்டார். ஏழில் ஒரு பாகம், யூடிஎஸ் என்ற பேச்சு எந்த வாயிலிருந்தும் வரவில்லை.

விழாவைப் பார்க்கிங்கிலேயே வைத்தோம். கார்கள் ஒரு நாள் மட்டும் தெருவில் நின்றன. கேடயத் தட்டை யார் ஏந்தி வருவது என்று பேச்சு வந்தபோது தலைவருக்கு ஒரு யோசனை உதித்தது. "நம்ம மதிவதனி. ஸ்கேட்டிங் போட்டுக்கிட்டே தட்டோட வரட்டும். மாநில அளவுல மெடல் வாங்கின பொண்ணு. நம்ம எலிகன்ஸுக்கே பெருமை." அன்று அது முழு மெடலாகத்தான் இருந்தது.

கேட்கப் போனது நான்தான். டில்லிபாபு கதவைப் பாதி திறந்து, "அந்தத் தட்டைத் தூக்க எம்பொண்ணுதான் கெடச்சாளா?" என்றார். உள்ளேயிருந்து மதிவதனி, "நான் போறேன்பா. இன்னொரு தடவ அந்தத் தரையில கால் வெக்க விடமாட்டாங்க" என்றாள். அவர் உள்ளே போய்விட்டார். எனக்குச் சங்கடமாக இருந்தது. 'ஒப்புதல் பெறப்பட்டது' என்று குறித்துக்கொண்டேன்.

பட்டுப்பாவாடையும் சக்கரக் காலணியுமாக அவள் வந்தாள். இடது உள்ளங்கையில் தட்டு, தட்டில் ஏழு கேடயங்கள். எட்டாவது கட்டத்திலிருந்து கிளம்பி, வெள்ளைக் கோடுகள் அங்கே இருப்பதையே கவனிக்காதவள் மாதிரி குறுக்கே வளைந்து, நடுவில் ஒற்றைக் காலில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாள். ஒரு கேடயம்கூட ஆடவில்லை. கூட்டம் வாயைப் பிளந்து பார்த்தது. நானும்தான். முதல் வரிசையில் ரோஷினி விசில் அடித்தாள்.

மதிவதனி வந்து தலைவர் முன்னால் சட்டென்று நின்றாள். அவர் கையில் மைக் இருந்தது. அதனால் அவள் மெதுவாகச் சொன்னதும் பி பிளாக் மொட்டைமாடி வரைக்கும் கேட்டது.

"எடுத்துக்கோங்க அங்கிள். நீங்க ஏழு பேரும் சேர்ந்துதானே எங்க கோர்ட்டை எடுத்தீங்க. இதுல பாகம் எல்லாம் பிரிக்க வேணாம். ஆளுக்கு முழுசா ஒண்ணு."

தட்டு காலியாயிற்று. ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை.