பின்சக்கரம் தொட்ட கோடு

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு மருமகன் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அத்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் சௌக்கியம் என்றுதான் எழுத ஆசை. ஆனால் பொய் எழுதிப் பழக்கமில்லை, எனக்கு வந்த வினையே அதுதான்.

வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் வேலை உங்கள் மகளுக்குக் கிடைத்திருப்பது தாங்கள் அறிந்ததே. கார் லைசென்ஸ் இருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். லைசென்ஸ் ஆபீசில் டெஸ்ட் எடுக்கிறவனோ நான். கூட இருக்கும் அதிகாரி லீவு முடிந்து வரட்டும் என்றேன், அதுக்குள்ள வேலை போயிடும்னு சொல்லி செவ்வாய்க்கிழமை என் வரிசையிலேயே வந்து நின்னுட்டா. சும்மா சொல்லக் கூடாது மாமா, என்னைவிட நல்லாவே ஓட்டினா. கடைசியில ரிவர்ஸ் எடுத்து நிறுத்தும்போதுதான் பின்சக்கரம் வெள்ளைக் கோட்டைத் தொட்டுடுச்சு. நூலளவுதான். ஆனா அதே கோட்டுக்காகக் காலையில ரெண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருந்தேன், அந்த ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகாம வேலியோரம் நின்னு என் பேனாவையே பாத்துக்கிட்டிருந்தாங்க, நான் என்ன பண்ணுவேன், 'தேறவில்லை'ன்னு எழுதிட்டேன். இறங்கி வந்தவ சாவியை என் கையில வச்சு, "நன்றி சார்"னா. பதினாலு வருஷக் குடித்தனத்துல முதல் சார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தா சமையலறை வாசல்ல சாக்பீஸ் கோடு. பசியோட போய் நின்னேன். உள்ளேருந்து உங்க மகள் சொன்னா: "கட்டைவிரல் கோட்டைத் தொட்டிருக்கு சார். தேறவில்லை. முப்பது நாள் கழிச்சு வாங்க." உங்க பேத்தி அதை என் ஆபீஸ் படிவம் மாதிரியே எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தா. மூணு நாளா பிரெட்டும் பழமும்தான். அதுகூடப் பரவாயில்லை, அவ முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வேலை என்னால கை நழுவிடுமோன்னு நெஞ்சு அடிச்சுக்குது. ஆனாலும் தொட்டது தொட்டதுதானே மாமா?

நிலம் அளக்கும் வேலையில் இருந்தபோது, அரை அடிக்காகச் சொந்தத் தம்பிக்கே எதிராக அளந்து கொடுத்தவர் தாங்கள். நீங்க சொன்னா அவளுக்குப் புரியும். ஒரு நடை வந்துட்டுப் போங்க. ஸ்டேஷனுக்கு நானே காரோடு வந்துடறேன்.

அத்தைக்கு என் வணக்கம். தங்கள் ஆசீர்வாதத்தால் எங்கள் வீட்டுக் கோடு சீக்கிரம் அழிய வேண்டும்.

இப்படிக்கு,
பசியோடிருக்கும் மருமகன்

பி.கு.: இதைப் போட உறை தேடி உங்க மகள் என் மேஜை டிராயரைத் திறந்தா. என் லைசென்ஸ் சிக்கிடுச்சு. காலாவதியாகி எட்டு மாசம் ஆச்சு, ஆறு மாசம் தாண்டினா மறுபடி டெஸ்ட். எனக்கே தெரியாது மாமா, தினமும் நானே காரை ஓட்டிக்கிட்டுப் போய்த்தான் ஊராருக்கு டெஸ்ட் வச்சிருக்கேன். "என்ன செய்யலாம் சார்?"னு மட்டும் கேட்டா. பழைய தேதி போட்டுக்க முத்திரை ஆபீஸ்ல என் மேஜையிலேயே இருக்கு. தொடல. இன்னைக்குக் காலையில, லீவு முடிஞ்சு வந்த அதிகாரிகிட்ட வரிசையில போய் நின்னேன். ரிவர்ஸ்ல நான் கோட்டைத் தொடல மாமா, மேலேயே ஏறி நின்னுட்டேன். கூட வந்து வேலியோரம் நின்ன உங்க மகள் சிரிச்சா பாருங்க, பஸ்ல வர்ற வழியெல்லாம் அடங்கல. வீட்டுக்கு வந்ததும் அவளே கோட்டை அழிச்சு, சாப்பிட வாங்கன்னா. சார் போடல. வேலையை அடுத்த மாசம்வரைக்கும் அவளுக்காக வச்சிருக்காங்களாம். நீங்க வர வேண்டிய அவசியமில்ல. வந்தா ஸ்டேஷன்லேருந்து பஸ் பிடிச்சுக்குங்க, இங்க கார் இருக்கு, ஓட்டத்தான் ஆளில்ல.