வரவேற்பாளர் பொறுப்பிலிருந்து நானே விலகுகிறேன், மாப்பிள்ளை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

அத்தையின் ஆசிகள். இங்கே என் இடது முழங்கால் நீங்கலாக அனைவரும் நலம்; அனைவரும் என்றால் நான் ஒருத்திதான். அங்கே நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று ஃபோன் செய்தால், "அம்மா, மீட்டிங்ல இருக்கேன்" என்று சொல்லி அவள் வைத்துவிடுகிறாள். பின்னால் குழாயில் தண்ணீர் ஓடுகிற, பாத்திரம் உருளுகிற மீட்டிங் அது. எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதைத் தொடக்கத்திலேயே பதிவு செய்துவிடுகிறேன். பின்னால் தேவைப்படும்.

நீங்கள் திங்கட்கிழமை அனுப்பிய செய்தி கிடைத்தது. "அத்தை, நீங்க கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துக்கலாமே" என்று எழுதி, பக்கத்தில் கைகூப்பும் பொம்மை மூன்று போட்டிருந்தீர்கள். இவ்வளவு பணிவாக நீங்கள் என்னிடம் பேசியதே இல்லை என்பதால் எனக்கு உடனே சந்தேகம் வந்தது. போய்ப் பார்த்தால், நீங்கள் நடத்தும் பாட்டுத் தளத்தில் என் கடவுச்சொல் வேலை செய்யவில்லை. வீட்டு வேலைக்கு வருகிறவர்களைக்கூட ஒரு வார்த்தை விசாரிக்காமல் யாரும் நிறுத்துவதில்லை. நீங்கள் விசாரிக்கவில்லை, ஆகவே நானாகவே சொல்கிறேன்.

இந்த வேலையை நான் கேட்டு வாங்கவில்லை என்பதை நினைவுபடுத்த விரும்புகிறேன். உங்கள் மாமா காலமான பிறகு நான் தினமும் உங்கள் வீட்டுக்கு நாலைந்து தடவை ஃபோன் செய்து, சோபாவை எந்தச் சுவரோரம் போடுவது, மழை நாளில் எந்த ஜன்னலைச் சாத்துவது என்று பல உபயோகமான விஷயங்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தச் சமயம் பார்த்துத்தான் உங்களுக்கு என் இசையறிவின் மேல் திடீரென்று மதிப்பு வந்தது. வீட்டிலேயே பாட்டைப் பதிவு செய்து உங்கள் தளத்தில் போடுகிறவர்கள், முதல் பாட்டுக்கு யாருமே ஒரு வார்த்தை எழுதாவிட்டால் இரண்டாவது பாட்டைப் போடுவதே இல்லை என்றும், அவர்களுக்கு ஊக்கம் கொடுத்து நாலு வரி எழுத ஆள் வேண்டும் என்றும் சொன்னீர்கள். "உங்கள விட்டா யாரு இருக்காங்க, அத்தை?" என்றீர்கள். 'வரவேற்பாளர்' என்று ஒரு பட்டம் கொடுத்து, காதில் மாட்டிக்கொள்ளும் ஹெட்ஃபோனும் அனுப்பினீர்கள். அன்று முதல் உங்கள் வீட்டுக்கு என் ஃபோன் குறைந்தது. என் ஃபோனைக் குறைக்க நீங்கள் நல்ல வழி கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று என் மகள் யாரிடமோ சொன்னாள். அதையும் கேட்டேன்.

அப்போதே ஒரு நிபந்தனை சொன்னேன்: பொய் எழுத மாட்டேன். எங்கள் கான்வென்ட்டில் பாட்டு வகுப்பு எடுத்த மதர் எந்தப் பிள்ளையின் மனத்தையும் நோகடித்ததில்லை, எந்தப் பிள்ளையிடமும் பொய் சொன்னதும் இல்லை. எங்கள் வகுப்பில் ஒருத்தி வாயைத் திறந்தால் ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் புறா எழுந்து போய்விடும். அவளிடம் மதர், "நீ ரொம்ப அழகா நிமிர்ந்து நிக்கற" என்பார். அவள் படிப்பு முடியும்வரை நிமிர்ந்தே நின்றாள். அந்த முறையைத்தான் நான் கையாண்டேன். ஒவ்வொரு பாட்டையும் முதலிலிருந்து கடைசிவரை மூன்று தடவை கேட்பேன். முதல் தடவை குற்றம் கண்டுபிடிக்க, இரண்டாவது தடவை மன்னிக்க, மூன்றாவது தடவை அதில் உண்மையாகவே நன்றாக இருக்கும் ஒன்றைத் தேட. கிடைத்ததை எழுதுவேன். அது பாட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று நீங்கள் என்னிடம் சொல்லவில்லை.

பல் மருத்துவர் ஒருவர் புல்லாங்குழல் வாசித்திருந்தார். "தாங்கள் மூச்சு இழுக்கும் ஓசை மிகவும் தெளிவு" என்று எழுதினேன். சத்தியம். அடுத்த வாரம் அவர் குழலையே எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வெறும் மூச்சை மட்டும் பதிவு செய்து போட்டுவிட்டார். அதைக் கேட்டால் தூக்கம் வருகிறது என்று ஜனங்கள் படையெடுத்து வந்தார்கள். இப்போது அவர் என்னை "குருவே" என்றுதான் விளிக்கிறார். லாரி ஓட்டுநர் ஒருவர் வண்டியில் உட்கார்ந்தபடியே பாடிய பாட்டில், இடையில் வந்த ஹாரன் மட்டும் சுருதியோடு சேர்ந்திருந்தது. அதை எழுதினேன். அவர் கூட்டாளிகளின் லாரிகளையெல்லாம் வரிசையாக நிறுத்தி ஹாரன் கச்சேரியே வைத்துவிட்டார். அந்தத் தெருக்காரர்கள் உங்கள் அலுவலகத்துக்கு எழுதிய கடுதாசியை நீங்கள் என் கண்ணில் காட்டவில்லை, என் மகள் காட்டினாள். ஹாரனை நான் ரசித்தேன், பெருக்கச் சொல்லவில்லை. இதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் என்னை நிறுத்தியதற்குக் காரணமான புகார், 'ஏழாம் மாடிக் குயில்' என்ற பெயரில் பாட்டுப் போடுகிறவரிடமிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். "மேகமே, ஒரு மாடி இறங்கி வா" என்று தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடியிருந்தார். மூன்று தடவை கேட்டேன். இரண்டாவது தடவை மன்னிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மூன்றாவது தடவை நன்றாக இருப்பது எது என்று தேடிக்கொண்டே வரும்போது, இரண்டாவது சரணத்தின் நடுவில் ஒரு பெண் குரல், "பாடினது போதும், அடுப்ப அணைச்சீங்களா இல்லையா?" என்று கேட்டது. மாப்பிள்ளை, நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சுருதி சுத்தம், சொல் சுத்தம், உணர்ச்சி அதைவிடச் சுத்தம். "அடுப்பைப் பற்றி விசாரிக்கும் குரலில் உயிர் இருக்கிறது. அவர் தனியாகப் பாடிக் கேட்க ஆவல்" என்று எழுதிவிட்டு மன நிறைவோடு மாத்திரை சாப்பிடப் போனேன்.

இதுவரை உங்களுக்குத் தெரிந்த கதை. தெரியாத கதை நேற்று நடந்தது.

எங்கள் அடுக்குமாடியின் லிஃப்ட் எப்போது நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நேற்று நான் மருந்துக் கடையிலிருந்து திரும்பி ஏறும்போது மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. மணியை அழுத்தினேன். காவலாளி கீழேயிருந்து, "மெக்கானிக் வந்துட்டே இருக்காரும்மா" என்றான். வந்துகொண்டே இருந்தார், வெகுநேரம் வந்துகொண்டே இருந்தார். கடைசியில் மேலே கதவைத் திறந்து ஒருவர் குரல் கொடுத்தார்.

"உள்ள யாராச்சும் இருக்கீங்களா?"

"யாராச்சும் இல்ல, நான் இருக்கேன்."

"பயப்படாதீங்கம்மா, இதோ ஆச்சு."

"பயமெல்லாம் இல்ல. உக்கார ஒரு நாற்காலி இல்ல, அதான் குறை."

ஸ்பானர் சத்தம் கேட்டது. அதோடு ஒரு முனகலும் கேட்டது. "மேகமே, ஒரு மாடி இறங்கி வா..." அந்த 'வா'வில் குரல் கிறீச்சிட்டு உடைந்து, பிறகு ஒன்றும் நடக்காததுபோல எழுந்து நடந்தது. அப்படி உடைகிற 'வா' உலகத்தில் ஒன்றுதான் உண்டு. என் மேல் புகார் கொடுத்த ஏழாம் மாடிக் குயிலேதான். ஆனாலும் ஆர்வம் யாரை விட்டது?

"தம்பி, பாட்டெல்லாம் பாடுவீங்களோ?"

"பாடிட்டு இருந்தேம்மா. ஒரு பாவி வந்து கெடுத்துட்டான்."

"யாரு?"

"வரவேற்பாளர்னு ஒருத்தன். ஃபோன்ல பாட்டப் போட்டா கருத்து எழுதுவான். மாசக்கணக்கா உக்காந்து எழுதின பாட்டும்மா அது. என் சம்சாரம் நடுவுல வந்து அடுப்பப் பத்திக் கேட்டா. அத வெட்டி எடுக்கத் தெரியாம அப்படியே போட்டுட்டேன். அந்த ஆளு என்னப் பத்தி ஒரு வார்த்த எழுதல. அவ குரல்ல உயிர் இருக்காம். அத அவ படிச்சுட்டா. அன்னிலேர்ந்து அவ பாடறா, நான் ஃபோனப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன். கடை திறப்பு விழாவுக்கெல்லாம் கூப்பிடறாங்க அவள. இப்ப அடுப்பப் பத்த வைக்கறதும் நான்தான், அணைக்கறதும் நான்தான்."

"அந்த ஆளு ஆம்பளைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பொம்பளைங்க இவ்ளோ கல்நெஞ்சா இருக்க மாட்டாங்கம்மா."

மாப்பிள்ளை, அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் கதவு திறந்திருக்கும், நானும் வீட்டுக்கு வந்து முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்திருப்பேன். ஆனால் சும்மா இருப்பதும் பொய்தானா என்று ஒருமுறை மதரிடம் கேட்டிருக்கிறேன். "சில நேரம்" என்றார். அது எந்த நேரம் என்று, காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு லிஃப்டுக்குள் நின்று தீர்மானிப்பது எளிதல்ல. "அந்தப் பாவி நான்தான், தம்பி" என்று சொல்லிவிட்டேன்.

மேலே ஸ்பானர் நின்றது.

"நீங்களா?"

"நானேதான்."

"அப்ப நேராவே சொல்லுங்க. என் பாட்டு நல்லாருக்கா, இல்லையா?"

"மொதல்ல கதவத் திறங்க, சொல்றேன்."

"மொதல்ல சொல்லுங்கம்மா, திறக்கறேன்."

'நல்லாருக்கு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உங்கள் தளத்தில் மற்றவர்கள் எல்லாம் அதைத்தானே ஆளுக்கொரு பூச்செண்டு பொம்மையோடு எழுதிவிட்டுப் போகிறார்கள்? நாக்கு நுனிவரை வந்தது. வந்த இடத்திலேயே நின்றுவிட்டது, லிஃப்ட் போல.

"நல்லா இல்ல" என்றேன். "ரெண்டாவது சரணத்துல மூச்சுப் பத்தல. 'வா'ன்னு மேல போறப்ப குரல் உடையுது. யாரோ சினிமாப் பாடகரோட குரல்ல பாடப் பாக்கறீங்க, அது உங்களுக்கு எட்டல. ஆனா மொத சரணத்துல 'ஒரு மாடி'ன்னு கீழ இறங்கற இடம் இருக்கே, அது மட்டும் உங்க சொந்தக் குரல். அங்க மட்டும் அது பாட்டு."

"இவ்ளோ எப்படிம்மா ஞாபகம் வெச்சிருக்கீங்க?"

"மூணு தடவ கேட்டேன்."

"முழுசாவா?"

"பின்ன? பாதியிலயா கருத்து எழுதுவாங்க?"

பதிலுக்கு ஸ்பானரைக் கீழே வைக்கும் சத்தம்தான் கேட்டது. ஆள் கோபித்துக்கொண்டு போய்விட்டார் போலிருக்கிறது, இனி காவலாளி ஏணி கொண்டுவந்தால்தான் உண்டு என்று நினைத்தேன். அப்புறம் அவர் மெதுவாகச் சொன்னார்: "எங்க வீட்ல யாரும் ஒரு தடவகூட அத முழுசாக் கேட்டதில்லம்மா."

லிஃப்ட் அசைந்தது. கதவு திறந்தது. ஒல்லியான, மீசை நரைத்த மனிதர். கையைப் பிடித்து என்னை வெளியே விட்டார். கையெல்லாம் கிரீஸ். என் புடவையில் இன்னும் போகவில்லை. புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வீர்களா என்று கேட்டேன். "அது எப்படிம்மா? அவ இன்னும் பாடிட்டுதானே இருக்கா?" என்றார். நியாயம். ஆனால் கிளம்பும்போது கருவிப் பெட்டியை மூடிவிட்டு மறுபடி திறந்து, மறுபடி மூடி, "கொஞ்சம் கீழ இறக்கிப் பாடிப் போடறேன். கேப்பீங்கல்ல?" என்றார். கேட்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கடவுச்சொல் மாறிப்போனதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. மாப்பிள்ளை வேலையிலிருந்து எடுத்துவிட்டார் என்று ஒரு லிஃப்ட் மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்வது?

இதுதான் என் தரப்பு. இதற்கு மேல் நான் வாதாடப் போவதில்லை. வரவேற்பாளர் பொறுப்பிலிருந்து நானே விலகுகிறேன். நீங்கள் விலக்கவில்லை, நான் விலகுகிறேன். உறவினர்கள் யாராவது கேட்டால் இந்த வரிசையிலேயே சொல்லவும். ஹெட்ஃபோனைத் துடைத்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன், ஆள் அனுப்பினால் கொடுத்துவிடுவேன். லிஃப்ட்காரரின் பாட்டு வந்ததும் எனக்குப் பதிலாக நீங்கள் மூன்று தடவை கேட்டு எழுதிவிட்டால் போதும். எனக்கென்று எதுவும் வேண்டாம். நான் ஊர் மெச்ச வேண்டும் என்று அலைகிறவள் இல்லை. சொந்தக் குரலை உலகம் கேட்கப் போட்டுவிட்டு, யார் என்ன சொன்னார்கள், சொன்னார்களா, ஏன் இன்னும் சொல்லவில்லை என்று ஃபோனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களை என்னால் இன்றுவரை புரிந்துகொள்ள முடிந்ததில்லை.

என் மகளைக் கேட்டதாகச் சொல்லவும். அவளுடைய மீட்டிங்கில் பாத்திரம் உடையாமல் இருக்கட்டும். உங்கள் தொழில் பெருகட்டும், உங்கள் இரத்த அழுத்தம் பெருகாதிருக்கட்டும். சோபா இப்போது இருக்கும் இடம் தவறு. நீண்ட ஆயுளோடும் நல்ல செவியோடும் இருவரும் வாழ மனதார வாழ்த்தும்,

உங்கள் அத்தை

பி.கு.: நான்கு நாட்களுக்கு முன் உங்கள் தளத்தில் 'நிமிர்ந்து நிற்பவள்' என்று புதிதாகப் பதிந்த பெயரில் ஒரு வயதான பெண்மணி பாட்டுப் போட்டிருந்தார். புறா விஷயத்தை வைத்து நீங்கள் எதையும் ஊகிக்க வேண்டாம். அதற்குப் புதிய வரவேற்பாளரிடமிருந்து, "பின்னணியில் கேட்கும் கடிகாரத்தின் ஓசை மிகவும் ஒழுங்காக இருக்கிறது" என்று ஒரே ஒரு கருத்து வந்தது, பக்கத்தில் கைகூப்பும் பொம்மை மூன்று. எழுதியது யார் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு பொம்மையே போதும், மாப்பிள்ளை. உங்கள் மாமா போன அன்றுகூட நிற்காத கடிகாரம் அது. இன்று காலை நிறுத்திவிட்டு, அதே பாட்டை மறுபடி பாடிப் போட்டிருக்கிறேன். மேலே விலகல் பற்றி எழுதிய பத்தியைப் படிக்காததாக வைத்துக்கொண்டு, கடவுச்சொல்லை என் மகளிடம் சொல்லி அனுப்பவும்; லிஃப்ட்காரரின் பாட்டுக்கு நான்தான் எழுத வேண்டும். என் பாட்டுக்கு நீங்கள் எழுதுங்கள். மூன்று தடவை எல்லாம் வேண்டாம், ஒரு தடவை முழுசாகக் கேட்டுவிட்டு, 'நல்லாருக்கு' என்று ஒரு வரி. பொய்யாக இருந்தாலும் சரி. மதரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.