வரிப்புலியின் சொந்தச் செலவு

மனைவியை வீட்டுக்கு வரவழைத்துவிடுவது என்று வரிப்புலி ஞாயிற்றுக்கிழமை காலையில் தீர்மானித்தார். ஆனால் 'வா' என்ற சொல் மட்டும் தம் வாயிலிருந்து வரக்கூடாது. அவளாகவே கிளம்பி வந்ததாக இருக்க வேண்டும்.

வரிப்புலி என்பது பம்புத் தொழிற்சாலையில் சக ஊழியர்கள் சூட்டிய பெயர். கணக்குப் பிரிவில் இருந்த அவர், வரிக்காலம் வந்துவிட்டால் மேசைமேசையாகப் போய் நிற்பார். வாடகை ரசீதையும் காப்பீட்டுச் சான்றையும் கடைசி நாள்வரை பூட்டி வைத்துக்கொண்டு பிறகு சம்பளத்தில் பிடித்துவிட்டார்களே என்று அழக்கூடாது என்பார். தெருவிலுள்ள சிறுகடைக்காரர்களுக்கும் இலவச உபதேசம் உண்டு: கடைப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வேண்டும், வீட்டுச் செலவைக் கடைச் செலவென்று காட்டுவது பொய். புலிக்கு உடம்பெல்லாம் வரி, இவருக்கு வாயெல்லாம் வரி என்பார் இஸ்திரிக்கடைக்காரர்.

மனைவி, வீட்டின் முன்னறையில் தையல்கடை நடத்துபவள். முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட அக்காவைப் பார்த்துக்கொள்ளப் போய் ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. புறப்பட்ட அன்று, நிதானமாக வா, எனக்கென்ன கஷ்டம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவர் இவரே. அன்று அவள் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிலிருந்தது. வீட்டில் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன, அதுதான் பொறுக்கவில்லை. அவளுடைய அளவுநாடா நாற்காலி முதுகிலேயே தொங்கியது. பாதி தைத்த சட்டையொன்று ஒற்றைக் கையோடு காத்திருந்தது.

தொலைபேசியை எடுத்தார். ஆண்டுக் கணக்கு மூடும் மாதம் இது, கடைக் கணக்குக்கு உரிமையாளர் நேரில் வந்து கையெழுத்திட்டாக வேண்டும் என்றார்.

"போன்ல ஒரு நம்பர் வரும், அதைச் சொன்னா கையெழுத்து போட்ட மாதிரின்னு போன வருஷம் தெருவுக்கே பாடம் நடத்தினது யாருங்க?"

புலி சற்றுப் பின்வாங்கிப் பதுங்கியது. நூல், பித்தான் வாங்கிய ரசீதுகளைக் காணோம் என்றார். மாதவாரியாக உறையிலிட்டு, படமும் எடுத்து அவருக்கே அனுப்பிவிட்டதாக அவள் சொன்னாள். கற்றுக் கொடுத்ததை இவ்வளவு நன்றாகக் கற்றுக்கொள்ளும் மாணவி வாய்ப்பது எத்தனை பெரிய துன்பம் என்று அவருக்கு அன்றுதான் விளங்கியது.

கடைசி அம்பாக மின்கட்டணத்தை எடுத்தார். வீட்டுக்கும் கடைக்கும் ஒரே மீட்டர். கடையின் பங்கைப் பிரிக்க அவள் பக்கத்தில் இருந்தால்தான் சரிப்படும்.

"நான் இல்லாத மாசம் கடைப் பங்கு குறைஞ்சிருக்கணுமே. குறைஞ்சிருக்கா?"

"இல்லை."

"ஏன்?"

அவர் தையல் மிஷினைப் பார்த்தார். நாள்தோறும் வேலை முடிந்து வந்ததும் முன்னறை விளக்கையும் மின்விசிறியையும் போட்டுவிட்டு, அவளுடைய முக்காலியில் அமர்ந்து, ஊசிக்கடியில் துணியே இல்லாமல் தையல் மிஷினை ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். அந்தச் சத்தம் இருந்தால் அவள் இருப்பது போலிருந்தது. இதை எந்தத் தலைப்பில் எழுதுவது?

"துணியில்லாம ஓடின மிஷினு கடைச் செலவா, வீட்டுச் செலவா? நீங்கதான் சொல்லணும்."

கணக்கில் பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். "சொந்தச் செலவு" என்றார்.

"அப்ப சொந்தக் காரணத்தையும் சொல்லிடுங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அளவுநாடாவை எடுத்து விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.

"நீ இல்லாம வீடு சத்தமே இல்லாம கெடக்கு. வந்துடு."



"இந்த ஒரு வரிக்குத்தாங்க இத்தனை நாளும் பார்த்துக்கிட்டிருந்தேன். நாளைக்குக் காலையில வந்துடுவேன். டிக்கெட் போன வாரமே எடுத்தாச்சு."

"போன வாரமா?"

"கடை பூட்டியிருக்கு, மிஷின் மட்டும் ஓடுதேன்னு இஸ்திரிக்கடை அண்ணன் அன்னைக்கே போன் பண்ணிட்டாரு. அப்படி ஓட்டினதுல ஊசி மழுங்கியிருக்கும். ஒண்ணு வாங்கி வையுங்க."

இழந்த கம்பீரத்தில் கொஞ்சமாவது மீட்டுவிட எண்ணி, ரசீதைக் கடையின் பெயரில்தானே வாங்க வேண்டும் என்று கேட்டார்.

"ரசீதே வேண்டாம். அதுவும் உங்க சொந்தச் செலவு."