இலவச எதிர்ப்புச் சங்கத்தில் ஒரு வேலை

இந்தத் தேசத்தைத் தாங்கிப் பிடித்திருப்பது இமயமலையும் அல்ல, இராணுவமும் அல்ல. காளவாசல் சிக்னலுக்கு மேற்கே எங்கள் தெருவில் இயங்கும் 'வரி செலுத்துவோர் மானம் காக்கும் சங்கம்'தான். சிரிப்பு வருகிறதா கண்ணுகளா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் அந்தச் சங்கம் ஞாயிறுதோறும் கூடிக் கவலைப்படாமல் இருந்திருந்தால் நாடு என்றைக்கோ திவாலாகியிருக்கும் என்று அதன் தலைவரே சொல்லியிருக்கிறார். தலைவர் அனந்தபத்மநாபன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அரசாங்கத்தில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வூதியத்தை ஒரு மாதம்கூட மறந்து விட்டதில்லை.

பொருளாளர் பசுபதி, பாத்திரக்கடை முதலாளி. மகளிர் அணி நான். முழு அணியும் நான்தான். கூட்டம் எங்கள் வீட்டு மாடியில் நடக்கும். காபி, பஜ்ஜி என் பொறுப்பு. மாடிச் சுவரில் சங்கத்தின் கொள்கை பெரிய பதாகையாகத் தொங்கும்: 'இலவசம் மனிதனைச் சோம்பேறியாக்கும்.'

ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைவர் மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

"விஷயம் தெரியுமோ? வேலையில்லாம சும்மா இருக்கறவாளுக்கு அரசாங்கம் மாசாமாசம் பணம் தருது. பட்டதாரின்னா அறுநூறு ரூபாய்!"

பசுபதி வாய்க்குக் கொண்டுபோன பஜ்ஜியைப் பாதியில் நிறுத்தினார். "அம்புட்டா! யாரு பணம்ணே அது?"

"நம்ம பணம், பசுபதி! வேலைவாய்ப்பு ஆபீஸ்ல பதிஞ்சுட்டு அஞ்சு வருஷம் காத்திருக்கணுமாம். அஞ்சு வருஷம் சும்மா இருந்ததுக்குப் பரிசு!"

அன்றைய பஜ்ஜிக்கே அறுநூறு ரூபாய்க்கு மேல் ஆகியிருந்தது. ஆனால் அது 'கலந்தாய்வுச் செலவு'. அதையும் இதையும் ஒன்றாகப் பேசக்கூடாது.

இந்த அநியாயத்தை ஒழிக்க மாபெரும் மாநாடு நடத்துவதென்று ஏகமனதாக முடிவெடுத்தோம். மனு எழுத வேண்டும், கணினியில் அடிக்க வேண்டும், ஆபீஸ் ஆபீஸாக அலைய வேண்டும், நாற்காலி போட வேண்டும். தலைவருக்கு முழங்கால் வலி. பசுபதிக்குக் கடை. அந்த நேரம் பார்த்து, பசுபதியின் கடைக்கு வேலை கேட்டு ஒரு பெண் வந்தாள். அவளை அப்படியே எங்கள் மாடிக்கு அனுப்பிவைத்தார்.

பாண்டீஸ்வரி. மேலூர்ப் பக்கத்துப் பெண், பி.காம். படித்தவள். அப்பா பேயாண்டி கல்குவாரியில் கல் ஏற்றுகிறவர். இடுப்பு விட்டுப்போயும் ஏற்றிக்கொண்டிருந்தார். "எனக்குன்னு ஒரு சம்பளம் வந்துருச்சுன்னா அவர குவாரிப் பக்கமே விடமாட்டேன்மா" என்று காபி டம்ளரை வாங்கும்போதே என்னிடம் சொன்னாள்.

தலைவர் நேர்காணலைத் தொடங்கினார்.

"இப்போ என்னம்மா பண்றே?"

"வேலை தேடுறேன் சார். போன மாசத்துலருந்து வேலையில்லாதவுகளுக்குத் தர்ற உதவித்தொகை வருது."

எதிரியே படியேறி வந்து, கையில் காபியோடு நிற்கிறாள்! தலைவர் விரட்டிவிடுவார் என்று நினைத்தேன். அவர் மனசு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

"நாளைக்கே சேர்ந்துடு" என்றார்.

"சம்பளம் எம்புட்டு சார்?"

"அங்கேதான் தர்மசங்கடம். சம்பளம் கொடுத்தா நீ வேலையில இருக்கறவ ஆயிடுவே. அப்புறம் உதவித்தொகை வாங்கினா மோசடி. உன்னை மோசடிக்காரி ஆக்க என் மனசாட்சி இடம் தராதும்மா."

"அப்ப உதவித்தொகை வேணாம்னு எழுதிக் குடுத்துர்றேன் சார். நீங்க சம்பளம் குடுங்க."

தலைவர் பதறிப்போனார். "சேச்சே! அரசாங்கம் ஆசையாக் கொடுக்கறதை வேண்டாங்கலாமோ? மூணு வருஷம்தான் தருவா. அது முடியட்டும். மறுநாளே சம்பளத்தோட நிரந்தர வேலை. இது என் வாக்கு."

"மேலூர்லருந்து வர பஸ்ஸுக்காச்சும்..."

"லேடீஸுக்கு டவுன் பஸ் இலவசமாச்சே!"

"மத்தியானச் சாப்பாடு சார்?"

இதற்குப் பசுபதி முந்திக்கொண்டார். "ரேசன் அரிசிதான் சும்மா குடுக்குறாய்ங்கள்லத்தா? தூக்குல போட்டுக் கொண்டாந்துரு."

இவ்வாறாக, இலவசங்களை ஒழிக்கும் மாபெரும் இயக்கமானது இலவச உதவித்தொகை, இலவச பஸ், இலவச அரிசி ஆகிய மூன்று தூண்களின் மேல் கம்பீரமாக எழுந்து நின்றது. இப்போது சொல்லும்போதும் எனக்குப் புல்லரிக்கிறது.

அந்தப் பிள்ளை என்ன வேலைதான் செய்யவில்லை! மனு எழுதினாள், பதிலுக்கு அலைந்தாள், கூட்டத்துக்குக் கூட்டம் நாற்காலி போட்டு எடுத்தாள். தலைவருக்கு வீட்டு வரி கட்டத் தெரியாது, பசுபதிக்கு ஜி.எஸ்.டி. கணக்கு ஏற்றத் தெரியாது. வரி செலுத்துவோர் சங்கத்தின் வரியை உட்கார்ந்து செலுத்தியவளும் அவள்தான்.

ஒருநாள் தலைவரின் சொற்பொழிவை அடித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"சார், 'வரி கட்டாத கூட்டம்'னு எங்களப் போட்டிருக்கீக. எங்கப்பா சோப்புக்கும் செருப்புக்கும் வரியோடதான காசு குடுக்குறாரு? அவரையும் சங்கத்துல சேத்துக்கிருவீகளா?"

"அது மறைமுக வரிம்மா" என்றார் தலைவர். "அப்பாவும் மறைமுகமா உறுப்பினரா இருக்கட்டும்."

மாநாட்டுத் தேதியை முடிவு செய்வதற்குள் மூன்று வருஷம் முடிந்தது. பாண்டீஸ்வரி தலை நிறையப் பூ வைத்து, எல்லோருக்கும் மிட்டாய் வாங்கிக்கொண்டு மாடியேறினாள்.

"உதவித்தொகை முடிஞ்சுருச்சு சார். நீங்க சொன்ன வேலை... இனிமே குவாரிக்குப் போக வேணாம்னு அப்பாகிட்டச் சொல்லிட்டு வந்துட்டேன்."

அவசரக் கூட்டம் கூடியது. பசுபதிக்கு மிட்டாய் தொண்டையில் சிக்கியது. "சம்பளமா? அண்ணே, அது நம்ம பணம்ணே!"

தலைவர் ஒரு மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார்.

"தீர்மானம். நாட்டின் இளைய சமுதாயத்தின் வாழ்வாதாரத்தைக் கருத்தில் கொண்டு, வேலையில்லாதோர் உதவித்தொகையை அரசு மேலும் மூன்றாண்டுகளுக்கு நீட்டிக்க வேண்டும். தொகையை உயர்த்தவும் ஆவன செய்ய வேண்டும்... என்னம்மா பார்த்துண்டு நிக்கறே? அடி!"

அடித்தாள். ஒரு பிழை இல்லாமல் அடித்துக் கையெழுத்துக்கு நீட்டினாள். பிறகு தூக்குவாளியை எடுத்துக்கொண்டாள்.

"எங்கேம்மா கிளம்பிட்டே?"

"மாட்டுத்தாவணிக்கு சார். பூ மார்க்கெட்ல கணக்கு எழுத ஆள் கேட்டாக. வேலை முடிஞ்சதும் கையில சம்பளம். நீங்க வாக்குக் குடுத்தீகளேன்னுதான் போகாம இருந்தேன்."

"ஞாயித்துக்கிழமை மாநாடு! நாற்காலி யார் போடுவா?"

"வரி கட்டுறவுக இம்புட்டுப் பேரு இருக்கீக. ஆளுக்கு ஒண்ணாப் போட்டுக்கிருங்க சார்." என் பக்கம் திரும்பினாள். "வாரேம்மா."

பேயாண்டி அதற்குப் பிறகு கல் தூக்கவில்லை. மகள் தூக்கவிடவில்லை.

மாநாடு குறித்த நேரத்தில் தொடங்கவிருந்தது. தெருவே திரண்டு மாடிக்கு வந்தது. நாற்காலிகள் மூலையில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தன. எல்லோரும் அவற்றைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். தலைவர் "யாராவது..." என்றார். பசுபதி "ஆமாண்ணே, யாராச்சும்..." என்றார். அப்படியே நின்றார்கள். நின்றபடியே பஜ்ஜி சாப்பிட்டார்கள். கலைந்து போனார்கள்.

இலவசம் மனிதனைச் சோம்பேறியாக்கும் என்று சங்கம் சொன்னபோதெல்லாம் எனக்கு அதில் நம்பிக்கை வந்ததில்லை, கண்ணுகளா. ஒரு பெண்ணின் உழைப்பை மூன்று வருஷம் இலவசமாகத் தின்றவர்கள், தாங்கள் உட்காரத் தங்கள் நாற்காலியைக்கூட எடுத்துப் போட முடியாமல் அந்தப் பதாகைக்குக் கீழே நின்றார்கள் பாருங்கள், அன்றைக்குத்தான் நம்பினேன்.